லின் அக்காவின் கசாயமும் அப்பாவின் இருமலும்

எங்கள் அப்பா மன்னார் பேசாலையில், கடலை நம்பி வாழ்ந்த குடும்பமொன்றில் ஏழு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க நாட்டு நிலைமை விடவில்லை. இருபத்தைந்தாவது வயதில், அம்மாவைக் கைப்பிடித்து மூன்றே மாதத்தில், தனியாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். நான்கு வருடம் அகதி முகாமில் இருந்தார். அந்த நான்கு வருடமும் அம்மாவின் கடிதங்களைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுத்ததாக, அவருடன் ஒரே அறையில் இருந்த மாமா இன்றும் சொல்லிச் சிரிப்பார். அம்மா வந்த பிறகு டோட்முண்டில் நானும் தம்பியும் பிறந்தோம். உறைந்த உணவுகளைச் சேமிக்கும் குளிர்க் களஞ்சியமொன்றில் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். ஒரு நாளும் பிந்திப் போனதில்லை.

அவருக்கென்று இருந்த ஒரே ஆசை பாட்டு. மாதமொரு முறை நடக்கும் தமிழ்த் திருப்பலியில் அவர்தான் பாடலைத் தொடக்குவார். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளைப் பாடும்போது, கோவிலில் சின்னப் பிள்ளைகள்கூட அசையாமல் இருப்பார்கள்.

அப்பாவின் நற்குணங்களை இந்த நினைவு மலரில் வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு கசாயத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் சீன மருந்து குடித்தே பிரஷரைக் குணமாக்கினார் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உண்டு. அதில் பாதி சரி. மற்றப் பாதியில் நான் இருக்கிறேன். அதை இதுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஒன்பது வயதிலிருந்து அப்பாவுக்காக ஜெர்மன் பேசியவள் நான். பாடசாலைக் கூட்டம், வெளிநாட்டவர் அலுவலகம், வைத்தியர் என்று எங்கும் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் உயர் குருதி அமுக்கம் என்று கண்டுபிடித்தபோதும் நானே மொழிபெயர்த்தேன். குடும்ப வைத்தியர் நாளுக்கு ஒன்றாக விழுங்கக் குளிசை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அப்பாவுக்கு வறட்டு இருமல் தொடங்கியது. அடுத்த முறை வைத்தியரின் அறையில் அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"இருமல் ஒண்டு விடுகுதில்லை எண்டு சொல்லு பிள்ளை."

"அது நீங்கள் குளிருக்கை வேலை செய்யிறதாலை அப்பா. அதுக்கு டொக்டர் என்ன செய்யிறது?"

பிறகு வைத்தியர் பக்கம் திரும்பி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஜெர்மனில் சொன்னேன். அப்போது நான் நகரசபை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பதினொரு மணிக்குள் திரும்பிப் போக வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அப்பா அந்த இருமலைப் பற்றிச் சொன்னார். இரண்டு தடவையும் அதை நான் வைத்தியரிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடப் பெரிய வெள்ளியன்று, பாட்டின் நடுவில் அவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் தொடக்கினார். மீண்டும் இருமல். மூன்றாம் முறை பாட்டுத் தாளைப் பக்கத்தில் நின்றவரின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அன்று இரவோடு குளிசையை விட்டுவிட்டார். அம்மாவுக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறார். ஒரு மாதத்துக்குள் இருமல் நின்றது. வெயில் காலம் வந்ததால் சுகமாகிவிட்டது என்று நான் நினைத்தேன். ஆனால் அவருக்குத் தலையிடியும் தலைச்சுற்றும் தொடங்கின. நித்திரை இல்லாமல் போனது. களஞ்சியத்தில் கூட வேலை செய்த வியட்நாம்காரர் ஒருவர் ஒரு முகவரி கொடுத்தார். அப்பா தன் உடம்பைப் பற்றிப் பேச நான் இல்லாமல் போன முதல் இடம் அதுதான்.

ஃபிராவ் லின், அதாவது திருமதி லின், சீனாவில் வைத்தியசாலையில் வேலை செய்தவர். இங்கே ஒரு வெதுப்பகத்துக்கு மேலே, சின்ன அறையொன்றில் மூலிகை வைத்தியம் பார்த்தார். அப்பா பிற்காலத்தில் அவரை 'லின் அக்கா' என்றே எங்களிடம் சொல்லுவார். அந்த முதல் நாள் அவர் அப்பாவின் நாக்கைப் பார்த்தார். இரண்டு கைகளிலும் நாடி பிடித்தார். நித்திரை, வியர்வை, காது இரைச்சல் எல்லாவற்றையும் கேட்டார். இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை. அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை கேட்டு, கையால் காட்டி, விளங்கும்வரை விடவில்லை. ஒரு மணித்தியாலம் எடுத்ததாம். எந்தக் குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். பிரஷரை அளந்தால் இருநூறைத் தாண்டி நின்றது.

நான் அலுவலகத்தில் இருந்தபோது ஃபிராவ் லின்னிடமிருந்து தொலைபேசி வந்தது.

"உங்கள் தகப்பன் என் முன்னால் இருக்கிறார். ஐந்து மாதமாகக் குளிசை எடுக்கவில்லை. குளிசையால் இருமல் வந்திருக்கிறது. சிலருக்கு அப்படி வரும். வேறு குளிசை இருக்கிறது. உங்கள் வைத்தியரிடம் இருமலைச் சொன்னீர்களா?"

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கைப்பையை எடுத்தேன்.

"இப்போதே அழைத்துப் போங்கள். கசாயம் பிறகு. இன்று நான் கசாயம் கொடுத்து அனுப்பினால் அது பெரிய பிழை."

ஒரு மணித்தியாலத்துக்குள் நாங்கள் குடும்ப வைத்தியரிடம் இருந்தோம். அவர் அளந்து பார்த்துவிட்டு, வைத்தியசாலைக்கு அனுப்பக் கடிதம் எழுதியபடியே கேட்டார்: இவ்வளவு காலமும் இருமலைப் பற்றி ஏன் சொல்லவில்லை? அந்தக் கேள்வியை நான்தான் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மறந்து போனன் எண்டு சொல்லு."

நான் வைத்தியரிடம், "அவர் மறந்துவிட்டாராம்" என்றேன்.

உறவினர்களே, நண்பர்களே, அப்பா மறக்கவில்லை. மூன்று தடவை சொன்னார். நான் சொல்லவில்லை.

மூன்று நாள் வைத்தியசாலையில் இருந்து புதுக் குளிசையுடன் வீட்டுக்கு வந்தார். இருமல் வரவில்லை. தலைச்சுற்றும் நித்திரையின்மையும் முழுதாகப் போகாததால் மீண்டும் ஃபிராவ் லின்னிடம் போனார். அவர் சேர்ப்பவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, முதலில் வைத்தியருக்குக் காட்டச் சொன்னார். வைத்தியர் மருந்தாளரிடமும் விசாரித்துவிட்டு, குளிசையை நிறுத்தக்கூடாது, குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை இரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார்.

அது சீனர்கள் இந்த நோய்க்குக் குடிக்கும் கசாயம். தியன்மா என்ற கிழங்கும் கோதெங் என்ற கொடியின் கொக்கிகளும் அதில் முக்கியம். அந்த இரண்டின் பெயரே கசாயத்துக்கும் பெயர். ஈரலிலிருந்து தலைக்கு ஏறும் காற்றை அது இறக்கும் என்பது அவர்களுடைய விளக்கம். முதல் பொதியைப் பிரித்தபோது அப்பா ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது சிப்பி ஓடெல்லோ!" என்றார். கொக்கிகளைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. "தூண்டில் முள்ளு மாதிரிக் கிடக்கு. இதையும் குடிக்கிறதோ?"

சிப்பி ஓட்டை முதலில் தனியாக அவிக்க வேண்டும். பிறகு வேர்களும் பட்டைகளும். கொக்கிகளை இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னர்தான் போட வேண்டும். கூட அவிந்தால் குணம் போய்விடும். அம்மா அடுப்படியை விட்டுக்கொடுத்தார். வீடு முழுக்க ஈர மரத்தின் மணம். ஒரு நாள் நான் கேட்டேன்.

"உண்மையா இதாலை பிரஷர் குறையுதோ அப்பா?"

"குளிசை பிரஷரைக் குறைக்குது. இது குடிச்சா எனக்கு நித்திரை வருகுது. ரெண்டையும் ஏன் சண்டை பிடிக்க விடவேணும்?"

அடுத்த பெரிய வெள்ளிக்கு அவர் கடைசி வரி வரை பாடினார். அதன் பிறகுதான் சீன மருந்துக் கதை பரவியது. எங்கள் ஆட்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"அண்ணை, அந்தக் கசாயத்தை எனக்கும் எழுதித் தாங்கோ. நானும் இந்தக் குளிசையளை விடப்போறன்."

"தர ஏலாது தம்பி. அது எனக்கெண்டு பாத்து எழுதினது. நீங்கள் டொக்டரைப் பாக்க ஒரு நாள் குறிச்சு டெர்மின் எடுங்கோ. நானும் வாறன்."

சொன்னபடி கூடப் போனார். அப்படிப் பலருடன் போயிருக்கிறார். அதற்காகவே இருமல், எரிவு, மூச்சு முட்டு, மரத்துப்போதல் என்று உடம்புக்கு வேண்டிய ஜெர்மன் சொற்களைக் கொப்பியில் எழுதிப் படித்தார். தன் வைத்தியரிடமும் தானே பேசத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருப்பேன். அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டால் மட்டும் ஒரு சொல் எடுத்துக் கொடுப்பேன். அவருடைய வேற்றுமை உருபுகள் எல்லாம் பிழை. வைத்தியருக்கு எல்லாம் விளங்கியது.

இப்படிப் பன்னிரண்டு வருடம் கிடைத்தது. தம்பியின் திருமணத்தைப் பார்த்தார். ஓய்வு பெற்றார். என் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

சென்ற வருடம் அவருடைய கணையத்தில் கட்டி என்றார்கள். கண்டபோதே பரவியிருந்தது. வைத்தியசாலையில் பெரிய வைத்தியர், இன்னொரு சிகிச்சை முயலலாம் என்று விளக்கிவிட்டு, மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தார். அப்பா கையை உயர்த்தினார்.

"நில்லு பிள்ளை. எனக்கு விளங்கினது. நான் கதைக்கிறன்."

பிறகு வைத்தியரிடம் ஜெர்மனில் மூன்றே விடயம் சொன்னார். போதும். நன்றி. வீட்டுக்குப் போகவேண்டும்.

ஐந்து வாரம் வீட்டில் இருந்தார். ஃபிராவ் லின் மூன்று தடவை வந்தார். மூலிகை எதுவும் கொண்டுவரவில்லை. கட்டிலருகில் இருந்து வழமைபோல இரண்டு கைகளிலும் நாடி பிடித்தார். "என்ன சொல்லுது?" என்று அப்பா ஜெர்மனில் கேட்டார். "மெதுவாகப் பேசுகிறது, ஆனால் எனக்குக் கேட்கிறது" என்றார் அவர். ஒரு ஞாயிறு காலையில், அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.

துயர் கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த குருவானவருக்கும், வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், எட்டு நாளும் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், குடும்ப வைத்தியருக்கும், முதல் நாளே கசாயத்தைக் கொடுக்காமல் என்னை அழைத்த ஃபிராவ் லின்னுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மறந்து போனன்" என்ற இடம் வந்தபோது தாளைக் கீழே வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். ஆசுப்பத்திரியிலை வைச்சு அப்பா சொன்னவர், பிள்ளை நல்லாப் பயந்து போனாள், அவளிட்டை ஒண்டும் கேக்காதை எண்டு."

பன்னிரண்டு வருடமாக என்னிடம் ஒன்றும் கேட்காத அம்மாவுக்கும் என் நன்றி.

மகள்