மூன்று நிறத்தில் அடங்காத முகம்

தெருவில் எல்லோரும் அவரை மசியம்மா என்றே கூப்பிட்டார்கள். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவதொரு சாயம் ஒட்டியிருக்கும். வீட்டு மாடியறையில் புகைப்படம் அச்சிடுவது அவர் தொழில். சாயம் கலந்த ஜெலட்டின் பூசிய தாளை நெகட்டிவின் அடியில் வைத்து வெளிச்சம் காட்டுவார். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் வெந்நீரில் கரைந்தோடும். மிஞ்சுவதுதான் படம். லேசில் மங்காது.

அந்தத் தாள்களைக் கம்பெனிதான் செய்து அனுப்பியது. கறுப்பு, செம்பழுப்பு, நீலம். வேறு நிறம் கிடையாது. மசியம்மாவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, நாத்தனாரின் படத்தை அச்சிடும்வரை.

நாத்தனார் தையல்கடை வைத்திருந்தவர். வாய் கொஞ்சம் நீளம். நல்ல கறுப்பு, வெயிலில் நின்றால் அதில் செம்பு மினுங்கும். கறுப்புத் தாளில் அந்த மினுக்கம் செத்துப்போனது. செம்பழுப்பில் முகமே செங்கல்லாகிவிட்டது.

"அண்ணி, இது நானா? சூளையிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கேன்!"

"இருக்கற கலர் இவ்வளவுதாம்மா."

"கம்பெனிக்காரன் என் மூஞ்சியப் பாத்தா கலர் கலக்குனான்? பாக்கறது நீங்க. நீங்களே கலக்குங்க."

மசியம்மா கம்பெனியின் விற்பனையாளருக்குப் போன் போட்டு, வேறு நிறம் கிடைக்குமா என்று கேட்டார். "அதெல்லாம் கம்பெனி முடிவு பண்றதும்மா. இருக்கறத வச்சு அடிங்க," என்றார் அவர். போனை வைத்ததும் மசியம்மாவுக்கு ஏனோ சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கே ஜெலட்டினும் சாயப்பொடிகளும் வாங்கிவந்துவிட்டார்.

முதலில் பூசிய தாள் முழுக்கக் கொப்புளம். அடுத்தது காய்ந்ததும் சருகுபோல் சுருண்டு வெடித்தது. வளைந்துகொடுக்கட்டும் என்று சர்க்கரை சேர்த்தார். எறும்புகள் ஊர்வலமாக வந்து ஓரத்தை அரித்துத் தின்றன. பஸ் ஓட்டுநரான கணவர் வேலை முடிந்து வந்து, மேசைக் கால்களுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொடுத்தார்.

"உன் வேலைக்கு மொத ரசிகன் எறும்புதான் போ!"

கம்பெனித் தாள் எவ்வளவு சீரானது என்பது மசியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சீர் தன் கைக்குப் படிவதற்குள் மழைக்காலமே போய்விட்டது. ஆனால் ஒருநாளும் அலுக்கவில்லை. பாட்டு முணுமுணுத்தபடியே பூசுவார்.

நிறம் கலக்கும்போது நாத்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கறுப்பில் கொஞ்சம் காவி, துளி மஞ்சள். ஒரு துண்டுத் தாளில் தீற்றிக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்.

"ஆடாதடீ."

"ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கறப்ப நான் சொல்றதே எனக்கா?"

கடைசியாக ஒரு மத்தியானம், வெந்நீர்த் தட்டில் சாயம் மெல்லப் பிரிந்து கரைய, முகம் எழுந்து வந்தது. நெற்றியில் செம்பு. மூக்கோரம் வெளிச்சம். கழுத்தடியில் நிழல் நிழலாக நின்றது, நிறம் நிறமாக நின்றது. நாத்தனார் தட்டுக்குள் விரல் விட்டுத் தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரக்கையோடு அண்ணியைக் கட்டிக்கொண்டார்.

நகர நூலகக் கூடத்தில் மசியம்மா தன் படங்களைப் பார்வைக்கு வைத்தபோது நாத்தனார் தையல்கடையைச் சாத்திவிட்டு வந்து, தன் படத்துக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்றார். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

"தூரத்துலேர்ந்து என்ன தெரியும்? கிட்ட வந்து பாருங்க," என்று அவரே கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். கூடத்தின் மறுகோடியில் மசியம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.