பூச்சி அக்கா தேனீ எடுக்கப் போன கதை

“முதல்ல கையில இருக்கற துடைப்பத்தைக் கீழ வைங்க” என்கிறார் பூச்சி அக்கா. போனில் பேசுகிறவர் துடைப்பம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆனாலும் மறுமுனையில் ஏதோ தொப்பென்று விழுகிறது. “ஆங், இப்ப சொல்லுங்க. பறக்கும்போது கால் நீளமாத் தொங்குதா? தொங்கினா அது குளவி. குண்டா, ரோமமா, காலை ஒடுக்கிக்கிட்டுப் பறந்தா தேனீ. கிட்டப் போகாதீங்க, கண்ணாடி வழியாவே பாருங்க. நான் லைன்லதான் இருக்கேன்.”

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பூச்சி மருந்து அடிக்கும் தொழில் செய்கிறார்கள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு போன், மருந்து டப்பாக்கள் வைத்துப் பூட்டிய இரும்பு பீரோ, சுவரில் மல்லாந்து கிடக்கும் கரப்பான் படம் போட்ட காலண்டர். ஊரில் பாதிப் பேருடைய செல்போனில் அவர் ‘பூச்சி அக்கா’ என்றுதான் பதிவாகியிருக்கிறார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. “நல்லவேளை, மூட்டைப்பூச்சி அக்கான்னு போடாம விட்டாங்களே” என்பார்.

கரப்பானிடமும் கரையானிடமும் அக்காவுக்கு ஈவிரக்கம் கிடையாது. தேனீ என்றால் மட்டும் மருந்தைத் தொட விடமாட்டார். அட, என்ன ஒரு இளகிய மனசு என்று யாராவது பாராட்டினால் பதறிவிடுவார். “ஐயோ, நீங்க வேற! மருந்தடிச்சா தேனீ செத்துடும், சரி. உள்ள இருக்கற தேன் எங்க போகும்? சுவர்ல ஒழுகும். எறும்பு வரும், கரப்பான் வரும், எலி வரும். அப்புறம் எனக்கே போன் பண்ணித் திட்டுவீங்க. அதுக்கு உசுரோட எடுத்துடறதே மேல்.”

போனில் வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சுவருக்குள் தேனீ இரைகிறது என்று ஒருவர் அலறியடித்துக் கூப்பிட, அக்கா அவரை ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னார். இரைச்சல் நின்றுவிட்டது. இன்னொருவர், “தேனீயை எல்லாம் கொண்டுபோயிடுங்க, தேனை மட்டும் விட்டுட்டுப் போங்க” என்றார். “அதை நீங்க தேனீகிட்டதான் பேசி முடிக்கணும்” என்றார் அக்கா. யார் எப்படிக் கத்தினாலும், ராங் நம்பராகவே இருந்தாலும், “கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க” என்று சொல்லாமல் போனை வைத்ததில்லை.

“ராங் நம்பருக்கே இந்த மரியாதைன்னா, கட்டினவனுக்கு எவ்வளவு கிடைக்கணும்!” என்று வீட்டுக்காரர் சீண்டுவார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அவர் முகத்தைச் சுளிக்கும்போதும் அக்காவுக்குக் கோபம் வருவதில்லை. குறை சொல்ல ஆள் முழுசாக எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, அது போதும் என்று மனசு நிறைந்துவிடும். அந்த ஆளை அவருக்கு மிச்சம் வைத்துக் கொடுத்தது ஒரு வாடிக்கையாளர்தான். ஊரையே திட்டித் தீர்க்கும் மாடி வீட்டம்மா.

சில வருஷங்களுக்கு முன் அந்த அம்மாவின் பால்கனியில் கிடந்த பழைய மர அலமாரிக்குள் தேனீக் கூட்டம் குடியேறிவிட்டது. வீட்டுக்காரர் போனார். வந்தது லேட்டு, வண்டியை கேட்டை மறித்து நிறுத்தியது தப்பு, செருப்புக்காலோடு படியேறியது அதைவிடப் பெரிய தப்பு என்று அந்த அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு தேனீ வீட்டுக்காரர் கழுத்தில் கொட்டியது. எத்தனையோ தடவை கொட்டு வாங்கிய உடம்புதான். அன்றைக்கு மட்டும் மேலெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார்.

அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மாடி வீட்டம்மா நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “சீக்கிரம் பாருங்கம்மா! இந்த ஆளு போயிட்டா என் அலமாரியை யாரு காலி பண்றது?” தனியாளாக அவரைப் படியில் இறக்கி, தன் காரில் போட்டு, வழியெல்லாம் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்து சேர்த்தது அந்த அம்மாதான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். இனிமேல் ஒரே ஒரு கொட்டுகூட உயிருக்கு ஆபத்து, தேனீ இருக்கும் பக்கமே போகக்கூடாது என்றும் சொன்னார். அக்கா அந்த அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். “சரி சரி, மூக்கைத் துடை” என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு தேனீ என்று வந்த வேலையையெல்லாம் தெரிந்த தேனீ வளர்ப்பவர் ஒருவருக்குத் தள்ளிவிட்டார்கள். போன வருஷம் மாடி வீட்டம்மாவிடமிருந்து மறுபடி போன் வந்தது. அதே அலமாரி. பழைய கூட்டத்தை அந்தத் தேனீ வளர்ப்பவர் அப்போதே எடுத்துப் போயிருந்தார். ஆனால் மெழுகை யாரும் சுரண்டவில்லை. அந்த வாசத்துக்குப் புதுக் கூட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. மறுநாள் காலையில் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். வளர்ப்பவரோ வெளியூரில்.

வீட்டுக்காரர் ஆணியில் தொங்கிய வெள்ளை அங்கியை எடுத்தார்.

“நான் பாதியில விட்ட வேலை. அவங்களுக்கு எப்படி முடியாதுன்னு சொல்றது?”

அக்கா அதைப் பிடுங்கினார். “அவங்க காப்பாத்திக் குடுத்த உசுரை அவங்க வாசல்லயே கொண்டுபோய் விடப் போறீங்களா? நான் போறேன்.”

“நீயா? உனக்கு என்ன தெரியும்?”

“இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் நான்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

சொன்னாரே தவிர, அதுவரை ஒரு தேனீயைக்கூடத் தொட்டதில்லை. வீட்டுக்காரர் எதிர்ச்சாரியில் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டும், போனில் வழி சொல்ல வேண்டும், இறங்கவே கூடாது என்று முடிவானது.

அக்கா பெரிய அங்கிக்குள் தொளதொளவென்று பால்கனியில் நின்று அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாகத் தேனடைகள். “மெதுவா... புகை போடு... அவசரப்படாத” என்று காதில் அவர் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து மரப்பெட்டிக்குள் வைத்தார். “இப்ப ராணியைப் பாரு. நீளமா இருக்கும். அது பெட்டிக்குள்ள போனாத்தான் மத்ததெல்லாம் பின்னாடியே போகும்.” ராணி கண்ணில் பட்டது. பிடிக்கப் போனால், முரட்டுக் கையுறை விரல்களுக்குள் சிக்காமல் நழுவியது. இன்னொரு தடவையும் நழுவி, அலமாரி மூலைக்குள் புகுந்துகொண்டது. கலைந்த தேனீக்கள் தெருவரைக்கும் இரைந்து பறந்தன.

“என்னால முடியலைங்க” என்று அக்கா அழுதேவிட்டார்.

போனில் வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வேனின் கதவு திறந்து கிடக்கிறது. போனை சீட்டிலேயே போட்டுவிட்டு, வீட்டுக்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

“வராதீங்க! உள்ள போங்க!” வலைத்தொப்பிக்குள் அக்கா கத்தியது அவருக்கு எட்டவில்லை.

மத்தியானத்திலிருந்து ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு கீழறையில் அடைந்து கிடந்த மாடி வீட்டம்மா, கட்டிலில் விரித்திருந்த போர்வையை உருவிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அதை வீட்டுக்காரர் தலையோடு போட்டு மூடி, வசைபாடிக்கொண்டே தரதரவென்று இழுத்துப்போய் வேனுக்குள் தள்ளிக் கதவை அறைந்து சாத்தினார். பிறகு அந்தக் கதவிலேயே முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டார். ஒரு தேனீ அந்த அம்மாவின் கன்னத்தில் கொட்டியது. “ஆ” என்றாரே தவிர அசையவில்லை. பால்கனியைப் பார்த்து, என்ன வேடிக்கை, உன் வேலையைப் பார் என்பதுபோல எரிச்சலாகக் கையை வீசினார்.

ஓடிப்போய் அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் போல இருந்தது அக்காவுக்கு. கும்பிடத்தான் கை ஒழியவில்லை. வலது கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையை ராணி பதுங்கிய அலமாரி மூலைக்குள் விட்டார்.