சாம்பல் படிய வைத்த படம்

தை மாதத்து இரண்டாம் ஞாயிறு, காலை ஆறரை மணிக்குக் காலடிப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எண்ணூருக்கு முப்பது ரூபாய். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர்.

"இன்னா சார், ஊரு சுத்திப் பாக்க எண்ணூரா?" என்றார் ஓட்டுநர். "மணலி ரிபைனரி பக்கம் போனா வாசனையும் சேந்து வரும்!"

பின்னால் இருந்த மீன்காரம்மா விடவில்லை. "இங்க மட்டும் இன்னா மல்லியப்பூவா மணக்குது? ரோட்டப் பாத்து ஓட்டு நைனா."

நான் போனது ஓவியர் தேசப்பனைப் பார்க்க. அன்று அவர் எண்ணூரை விட்டுப் போகிறார்.

அவர் வேலை செய்யும் முறை வேறு யாருக்கும் கிடையாது. விடியலில் கேன்வாஸைக் கழிமுகத்து நீரில் நனைத்து மணலில் விரிப்பார். பிறகு பேசாமல், தூரிகையைத் தொடாமல், நீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் அந்த ஈரத்தில் படியும். வெயில் ஏறியதும் சாம்பலின் மேலேயே வரைவார்: அலையாத்தி மரம், ஒற்றைக் கொக்கு, அசையாத நீர். "பாதிப் படத்த இயற்கையே போட்டுக் குடுக்குது சார்" என்பார். அந்தப் படங்களின் முன்னால் நின்றால் எனக்கும் மனம் அடங்கும்.

அவர் வீட்டு வாசலில் குட்டியானை வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி விமலா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மருத்துவர் ஊரை விட்டே போகச் சொல்லிவிட்டார். திருத்தணியில் தங்கை வீடு இருக்கிறது.

"வூட்ல தூசி எங்க கீதுன்னு டாக்டரு கேட்டாரு சார்," என்றார் விமலா. "கட்டிலுக்கு மேல கொடி கட்டி, அங்கதான படத்தக் காயப் போடுவாரு. காஞ்சதும் உதிரும். நான் பெருக்குவேன்."

தேசப்பன் தலை நிமிரவில்லை. "தண்ணியப் பாத்துகினே குந்திகினு இருந்தேன் சார். இவ மூச்சப் பாக்கல."

"யோவ், ஊரு பூரா சாம்பலு. எல்லாம் உன் படத்துலேர்ந்துதான் வந்துச்சுன்னு பெரும பேசாத!" விமலா சிரிக்கப் போய் இருமினார். அந்த இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

"அங்கே போய் வரைவீர்களா?" என்று தேசப்பனிடம் கேட்டேன்.

"அங்க காத்துல ஒண்ணும் விழாதாம் சார். வெறுந்துணிய வெச்சிகினு இன்னா பண்றதுன்னு தெர்ல."

கடைசிப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"படுக்குற ரூம்ல மட்டும் மாட்டாதீங்க சார்," என்றார் விமலா.

வண்டி கிளம்பியபோது தேசப்பன் கழிமுகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவியின் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

காலடிப்பேட்டையில் என் வீட்டு உள்ளறையில் பேத்தி தூங்குகிறாள், கூடத்தில் நான். மாட்ட இடம் தெரியவில்லை. படத்தைப் பிரிக்காமலே மொட்டை மாடிப் படிக்கட்டில் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் காலை எடுக்கப் போனேன். சுற்றியிருந்த தாளைத் தொட்டதும் விரலில் சாம்பல் ஒட்டியது. படம் உள்ளேதான் இருந்தது, சுற்றியது சுற்றியபடி. இது வெளியிலிருந்து வந்தது.

துடைப்பதற்கு ஈரத்துணி எடுத்தேன். அதை அங்கேயே வைத்துவிட்டு, பேத்தியின் அறை ஜன்னலைச் சாத்தக் கீழே இறங்கினேன்.