தூண்டில் பெட்டிக்குள் ஒரு துவக்கு

பழைய சாமான் கடைக்கு வருகிற பொருள் எல்லாம் யாரோ ஒருவர் வீட்டிலிருந்துதான் வருகிறது. யார் வீட்டிலிருந்து என்பதுதான் எங்கள் தொழிலின் தலையிடி. செகண்ட் ஹாண்டில் ஒரு சைக்கிளையோ போனையோ வாங்கிவிட்டு, அதன் உண்மையான சொந்தக்காரர் எதிரே வந்து நிற்க, திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் கொஞ்சம் கிட்ட வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

மிருதங்கம்

லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு சின்னத் தெருவில் என் கடை. மழை பெய்தால் பழைய கண்ணாடிகளில் எல்லாம் தெரு கலங்கித் தெரியும். கடையே தண்ணீருக்குள் கிடப்பது போலிருக்கும். அப்படியொரு மத்தியானம் பஸ் ஓட்டுநர் உடுப்போடு ஒரு தமிழர் உள்ளே வந்தார். நேரே போய் அலுமாரித் தட்டிலிருந்த மிருதங்கத்தை எடுத்து, தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நான் மேசை துடைக்கிற துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

வாசித்து முடித்தபின் சொன்னார், அது அவருடையதாம். ஈஸ்ட் ஹாமில் காரை உடைத்துக் களவெடுத்தார்களாம். போனில் படம் காட்டினார். கட்டையிலிருந்த வடு உட்பட அதேதான். நான் நேர்மையாகத்தான் வாங்கியிருந்தேன். ஆனால் களவுபோன பொருளை எத்தனை கை மாறி வாங்கினாலும் அது பழைய சொந்தக்காரருக்குத்தான் சொந்தம் என்கிறது சட்டம். கொடுத்தேன். வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "குறை நினையாதேங்கோ தம்பி. இவ்வளவு துப்புரவா நான் ஒருநாளும் இதை வைச்சிருந்ததில்லை."

பெட்டியின் அடியில்

மிருதங்கம் போனது ஒன்றுமேயில்லை என்று நினைக்க வைத்தது தூண்டில் பெட்டி. தகப்பன் இறந்துவிட்டார், வீட்டுச் சாமானை ஒதுக்குகிறேன் என்று சொல்லி, அமைதியான ஒரு வெள்ளைக்காரர் நீளமான மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே மீன் தூண்டில்கள். தகப்பனை இழந்தவர் முன்னால் பெட்டியைக் கிளறிப் பார்க்க மனம் வரவில்லை. வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை, பனிமூட்டம் யன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த நேரம், தூண்டில்களை வெளியே எடுத்தேன். அடியில் ஒரு கம்பளி. கம்பளிக்குள் இரண்டாகக் கழற்றிய ஒரு வேட்டைத் துவக்கு, அசல் துப்பாக்கி. அதன் வெள்ளித் தகட்டில் நாணல்களும் ஒரு குளமும் செதுக்கியிருந்தார்கள். ஆபத்து என்ற எண்ணமே வரவில்லை. நாணலில் காற்று அசைவது போல இருந்தது. விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். என்னோடு கடையில் வேலை செய்யும் குலம் அண்ணை தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றார்.

"தம்பி, துவக்கைக் கண்டா கையை உயர்த்தித்தான் எனக்குப் பழக்கம். விலை பேசிப் பழக்கமில்லை" என்றார்.

தெரியாது என்ற சொல்

அது நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம். ஒரு பொலிஸ் வழக்கு வந்தால் போதும், எல்லாம் போய்விடும். விற்றவரின் போன் இலக்கமோ வேலை செய்யவில்லை. குலம் அண்ணை, கம்பளியோடு சுற்றிக் கொண்டுபோய் ஆற்றில் போடுவோம் என்றார். ஒரு நிமிடம் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பனிக்குள் நடந்துபோய், மெல்லக் கையை விட்டால், ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி.

நல்ல வேளை, முதலில் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி தாரிணிக்குப் போன் எடுத்தேன்.

"அதைத் தூக்கிக்கொண்டு தெருவில இறங்கிடாதேங்கோ அண்ணை. ஆத்திலயும் போடாதேங்கோ. கடையைப் பூட்டிப்போட்டு இப்பவே பொலிஸுக்குச் சொல்லுங்கோ" என்றார்.

"உள்ளுக்க துவக்கு இருந்தது எனக்குத் தெரியாது எண்டு சொன்னா விடுவினம்தானே?"

அதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "களவுச் சாமான் எண்டா 'தெரியாது' எண்டு சொல்லித் தப்ப ஏலும். ஆனா லைசென்ஸ் இல்லாமல் துவக்கு வைச்சிருந்தா, அது உங்களிட்ட இருந்ததே குற்றம் அண்ணை."

விளக்கு

இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து துவக்கை எடுத்துப்போனார்கள். பிறகு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் தாரிணி இருக்க, நடந்ததை நடந்தபடி சொன்னேன். கடைக் கமராவில் பதிந்திருந்த விற்றவரின் முகத்தையும் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை ஒரு பதிலும் இல்லை. அந்த நாட்களில் நான் வேலை செய்தேனா, கனவில் நடந்தேனா என்று எனக்கே தெரியாது. கதவு மணி கேட்கும்போதெல்லாம், சாமான் கொண்டுவந்தவரா பொலிஸா என்று முதலில் எட்டிப் பார்ப்பேன். மனைவி மட்டும், "நீங்கள்தானே கூப்பிட்டுச் சொன்னனீங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வசந்தம் தொடங்கிய ஒரு காலையில், அன்று துவக்கை எடுக்க வந்த இருவரில் ஒருவரான பொலிஸ்காரி மட்டும் தனியாக வந்தார். லண்டனுக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டை உடைத்துக் களவெடுத்த துவக்காம் அது. கண்டவுடனே நான் அறிவித்ததால் என்மேல் வழக்கு இல்லை என்றார். நான் விற்பனைக்கு வைத்திருந்த கதிரை ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். குலம் அண்ணை யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். குடியுரிமையும் பிறகு ஒரு குறையுமில்லாமல் வந்தது.

அன்று கடையைவிட்டுப் போகிற வழியில் அந்தப் பொலிஸ்காரி, நீலக் கண்ணாடி வைத்த ஒரு மேசை விளக்கின் முன் நின்றார். போட்டுப் பார்த்தார். சுவரெல்லாம் கடல் நிறமானது. கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்: "இது யாருடையதென்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

மற்றவர்கள் கடைக்குள் வந்தவுடன் விலையைக் கேட்கிறார்கள், நானோ இப்போதெல்லாம் சாமானின் குலம் கோத்திரம் வரை விசாரித்துவிட்டு, பல நாள் ஒன்றும் வாங்காமலே கடையைப் பூட்டுகிறேன்.