இடப்பக்கம் சாய்ந்த ஆம்ப்ளிஃபயர்

ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காதின் கேட்கும் திறனில் முக்கால் பங்கைக் கொண்டுபோனது. மிச்சத்தை வைத்துக்கொண்டு அவள் ஜெயித்தவை இவை. பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் பரிசு. இடப்பக்கம் நின்று விசில் எந்த நொடியில் ஊதினார்கள் என்பது பிடிபடாமல், பக்கத்துப் பெண்ணின் குதிகால் அசைந்த பிறகே ஓடத் தொடங்கியும் கிடைத்தது அது. சுருக்கெழுத்துத் தேர்வு, இரண்டாவது முயற்சியில். முதல் முறை வாசித்தவர் இடப்பக்கம் நின்றுவிட்டார், அடுத்த முறை அரை மணி முன்னதாகவே போய், இடது தோள் சுவரில் உரசும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டர் ஓட்டும் உரிமம். பிறகு வேலை. “கேட்டு எழுதுற வேலைக்குக் காது கேக்காத பொண்ணா” என்று நேர்காணலில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுக்க, அதை வார்த்தை மாறாமல் தாளில் எழுதி அவரிடமே நீட்டி வாங்கிய வேலை. கடைசியாக, அண்ணனோடு போட்ட சண்டைகள் அத்தனையும்.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொடங்கினால், தட்டைக் கழுவி வைக்கும்வரை நிறுத்தமாட்டாள். அண்ணன் அப்படியில்லை. பஸ் டிப்போவில் உதிரி பாகக் கிடங்குக்குப் பொறுப்பாளன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும், நாலாயிரத்துச் சொச்சம் பாகங்களில் எது எந்தத் தட்டில் எத்தனையாவது பெட்டியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வீட்டில் மிளகுத்தூள் டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருக்கும். “என் முதுகுல மட்டும்தான் இன்னும் ஒட்டல” என்பாள் அண்ணி.

தங்கையின் அலுவலகம் பொதுக்கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கித் தரும் இடம். ஆறு வருடமாக அவள் எழுதுகிறாள். ஆனால் கடைசிப் பக்கத்தில் ‘கேட்டேன், எழுதினேன், சரியானது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது வேறொருவர். தொடர்ந்து மூன்று எழுத்தாக்கங்களில் தலா இரண்டு பிழைக்கு மேல் போகாதவர்களுக்கே அந்த வரிக்குக் கீழே எழுதும் உரிமை. பிழை பார்ப்பவர் ஒரு மூத்த அம்மாள். காற்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் பென்சிலால் வட்டம் போடுவதால் அவருக்குக் காற்புள்ளி மேடம் என்றே பெயர்.

இரண்டு எழுத்தாக்கங்கள் தேறிவிட்டன. மூன்றாவது வந்து சேர்ந்தது: சந்தையை இடம் மாற்றலாமா என்று ஒரு பெரிய மண்டபத்தில் நடந்த கூட்டம். இரண்டு மணி பத்து நிமிடம். ஒருவர் பேசும்போதே மூன்று பேர் குறுக்கே பேசுகிறார்கள், எங்கோ ஒரு நாற்காலி இழுபடுகிறது. செப்டம்பர் பத்தொன்பதுக்குள் கொடுக்க வேண்டும். இதில் தவறினால் மறுபடி முதலிலிருந்து மூன்று.

அலுவலக நேரம் தட்டச்சு செய்யவே சரியாகப் போகும். யார் யார், எந்த நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளும் முதல் கேட்பை அவள் ரயிலில்தான் முடிப்பாள். போக ஐம்பத்தைந்து நிமிடம், வர ஐம்பத்தைந்து நிமிடம். ஆனால் அலுவலகம் கொடுத்திருந்த பிளேயர் நோஞ்சான். ரயில் பாலத்தில் ஏறினால் மண்டபமே காணாமல் போய்விடும். கையடக்க ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பிளேயருக்கும் இயர்போனுக்கும் நடுவில் மாட்டினால் சத்தத்துக்குத் தெம்பு வரும் என்று ரயில் சிநேகிதி ஒருத்தி சொன்னாள்.

ஏழாம் தேதி சனிக்கிழமை அண்ணனும் தங்கையும் கடைக்குப் போனார்கள். அண்ணன் கையில் கோடு போட்ட நோட்டு: எடை, பேட்டரி, சூடு, இரைச்சல், குமிழ் என்று ஐந்து கட்டங்கள்.

“இருக்கறதுலயே பலமானது எது?” என்றான் கடைக்காரரிடம்.

“எதுக்கு சார்? இயர்போனுக்கா, கல்யாண மண்டபத்துக்கா?”

“தேவைக்கு மேல ஒரு சைஸ் எடுக்கணும். டிப்போல அதான் கணக்கு.”

“அண்ணா, என் காது பஸ் இல்ல” என்றாள் தங்கை.

பலமானதை மாட்டிப் பார்த்தாள். யாரும் பேசாதபோதும் உள்ளே சோவென்று இரைந்தது. “மழை பெய்யுது. குடை எடுத்துட்டு வந்திருக்கணும்.” அடுத்தது செங்கல் கனம், சட்டைப்பையில் போட்டதும் ஒரு பக்கத் தோள் இறங்கியது. மூன்றாவது, பக்கத்தில் செல்போன் இருந்தால் டுர்ர் என்று முனகியது. அண்ணன் ஒவ்வொன்றையும் கட்டத்தில் எழுதிக்கொண்டான். நான்காவது தீப்பெட்டி அளவு, பிரித்து அடுக்கில் கிடந்த பீஸ். அதை மாட்டி, குமிழைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினாள் தங்கை. பேச்சு நின்றது. ஒரு நிமிடம் முழுதாக வாயைத் திறக்கவில்லை.

“என்னாச்சு?” என்றான் அண்ணன் பயந்துபோய்.

“குரல் நடுவுல நிக்குது.” நெற்றி நடுவிலிருந்த பொட்டைத் தொட்டுக் காட்டினாள். “எப்பவும் வலது பக்கமே எல்லாரும் குவிஞ்சு நிப்பாங்க. இதுல விலகி விலகி நிக்கறாங்க. இது போதும்ணா.”

வாங்கிவிட்டார்கள். ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஞாயிறு காலை தங்கை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் பெட்டியை மேசையில் வைத்துச் சோதித்தான். டிப்போவில் எந்தப் பொருள் வந்தாலும் சோதிக்காமல் தட்டில் ஏற்றமாட்டான். இயர்போனை மாட்டினான். குமிழைக் கொஞ்சம் திருப்பினால் இடப்பக்கம் உரக்கக் கேட்டது, வலப்பக்கம் மெலிந்து கேட்டது. இயர்போனைப் பக்கம் மாற்றி மாட்டினான். உரத்த சத்தமும் பக்கம் மாறியது. அப்படியானால் கோளாறு தன் காதில் இல்லை, பெட்டியில்தான்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், அவளுடைய இடது காதுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது, கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தான். அதை அவளிடம் சொல்லிக் காட்டவும் மனம் வரவில்லை. கோளாறான பாகம் பொழுது சாயும்வரை கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது கிடங்கில் அவன் போட்ட சட்டம். யாரிடமும் மூச்சுவிடாமல் கடைக்குப் போய், அதே மாடலில் சீல் பிரிக்காத பீஸ் ஒன்றை மாற்றி வாங்கி, மூன்று முறை சோதித்து, அவள் கைப்பையில் போட்டான். அன்று அவன் சாப்பிட்ட சாப்பாடு நன்றாகவே செரித்தது.

திங்கள் மாலை செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. தங்கை நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, அந்தக் கடிகாரத்தைக் கழட்டிக் குடுங்க.”

வலது காதைப் பொத்தி, சுவர்க்கடிகாரத்தை இடது காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மெல்லத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனாள். ஒரு சாண் தாண்டியதும் டிக் சத்தம் மறைய, நிறுத்தினாள். “முன்னாடியும் ஒரு சாண்தான். ஆனா இன்னைக்கு ரயில்ல எல்லாரும் மறுபடி வலப்பக்கம் போயிட்டாங்க. ஒருத்தரையும் பிரிக்க முடியல. மிச்சம் இருந்த காதும் போகுது போல அண்ணி.”

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. “காது போகல” என்றான். “பெட்டிதான் போச்சு. நான்தான் மாத்துனேன்.”

கதையைச் சொல்லி முடிக்கும்வரை இருவரும் அவனையே பார்த்தார்கள்.

“இடது பக்கம் சத்தம் ஜாஸ்தியா வர்ற பெட்டி” என்றாள் அண்ணி, ஒவ்வொரு சொல்லாக. “இடது காது மந்தமா இருக்கற பொண்ணு. அது கோளாறுன்னு திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க.”

“சோதனையில தேறலையே.”

“நல்லவேளை, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நோட்டு எடுத்துட்டு வரல.”

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. காது போகவில்லை என்ற நிம்மதியில் அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “நாளைக்கு அந்தப் பெட்டி வரணும். வரலைன்னா ஜென்மத்துக்கும் உன்கிட்ட பேசமாட்டேன்.”

“அது நடக்காத காரியம்” என்றாள் அண்ணி.

ஆனால் அந்தப் பெட்டியை எப்படி அடையாளம் காண்பது? ஆயுசு முழுக்கச் சீட்டு ஒட்டியவன் அதற்கு மட்டும் ஒட்டியிருக்கவில்லை. தங்கைக்கு மறுநாள் விடுப்புக் கிடையாது. அவளுக்குச் சரியாக இருப்பதை அவன் காதால் எப்படித் தெரிந்துகொள்வது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பஞ்சு கேட்டான். வலது காதைப் பொத்திக்கொண்டு, இடது காதில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, தங்கையைக் கடிகாரம் பிடிக்கச் சொன்னான். டிக் சத்தம் சரியாக ஒரு சாணில் நிற்கும்வரை அடைத்தான். ஐந்தாவது உருண்டையில் நின்றது.

செவ்வாய் காலை அந்தப் பஞ்சோடே அண்ணன் புறப்பட்டான். தெருவில் இடப்பக்கமாக வந்த சைக்கிள்காரன் உரசிக்கொண்டு போய்த் திட்டினான். திட்டியது வாயசைவில்தான் தெரிந்தது. பஸ்ஸில் நடத்துனர் இரண்டு முறை கேட்டும் பதில் சொல்லவில்லை. மூன்றாம் முறை அவர் குரலை உயர்த்தியதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இதோடு அவள் இருபத்தாறு வருடம் வாயாடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். கடைவரை அவனுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

“கோளாறான பீஸ் வேணும்” என்றான் கடைக்காரரிடம்.

“சார்?”

“ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்தேனே, அது.”

“நல்ல பீஸ் கேட்டு சண்டை போடறவங்களைப் பாத்திருக்கேன்” என்றார் கடைக்காரர். அவர் இடப்பக்கம் நின்றதால் அண்ணன் காதில் அது விழவில்லை. அவர் சுற்றி வந்து வலப்பக்கம் நின்று மறுபடி சொன்னார்: “கம்பெனிக்குத் திருப்பி அனுப்பற பெட்டியில இருக்கு. பதினொரு மணிக்கு கூரியர்காரர் வருவார்.”

மணி பத்தேகால். டேப்பை வெட்டினார்கள். உள்ளே அதே தீப்பெட்டி அளவில் பதினான்கு. சில செத்துக் கிடந்தன. சில கரகரத்தன. இரண்டில் குரல் வலப்பக்கம் ஓடியது. அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பஞ்சுக்கு மேலேயே இயர்போனை வைத்து, ஒவ்வொன்றிலும் குமிழைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, கண்ணை மூடிக் கேட்டான். ஒன்பதாவதில், கடை ரேடியோவில் செய்தி வாசித்த குரல் மெல்ல நகர்ந்து வந்து, சரியாக இரண்டு புருவத்துக்கும் நடுவில் நின்றது. அவன் நெற்றி நடுவைத் தொட்டுக்கொண்டான்.

“இதான்.”

“பஞ்சை எடுத்துட்டு ஒரு தடவை பாத்துக்கங்க சார்.”

“வேணாம். இது எனக்கில்ல.”

அன்று மாலை அந்தப் பெட்டி தங்கையிடம் வந்தது. புதன் மாலை வாசலில் செருப்புக்கு முன்னால் குரல் வந்தது: மண்டபத்தில் இதுவரை பதினொரு பேர் பேசுகிறார்கள், அதில் இருவர் அண்ணன் தம்பி, ஒரே மாதிரி இருமுகிறார்கள், மீன் விற்கும் அம்மாள்தான் உருப்படியாகப் பேசுகிறார். அண்ணன் பெட்டியைத் தொடக்கூட இல்லை. மேசையில் அது இருந்தால் சுற்றிக்கொண்டு போனான்.

பத்தொன்பதாம் தேதி டிப்போவில் அவன் இரண்டு தரம் தப்பாக எண்ணினான். தங்கையின் அலுவலகத்தில் காற்புள்ளி மேடம் பென்சிலோடு உட்கார்ந்து, நாற்பத்தோரு பக்கங்களையும் ஒலியோடு ஒட்டிப் பார்த்தார். ஒரே ஒரு வட்டம் போட்டார். அது ஒரு காற்புள்ளிக்கு. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தன் பேனாவை மூடியோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பக்கத்தின் நகலைத் தங்கை மாலையில் கொண்டுவந்தாள். ‘கேட்டேன், எழுதினேன், சரியானது.’ அதற்குக் கீழே அவள் பெயர், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில்.

“பேரு கோணலா இருக்கு” என்றான் அண்ணன். தாளை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

“உனக்கு எதைக் கண்டாலும் கோளாறுதான். தேதி சரியா போட்டிருக்கேனான்னு பாரு.”

பார்த்தான். சரியாகவே போட்டிருந்தாள்: 19 செப்டம்பர் 2019, வியாழக்கிழமை.