முழங்கால் நேர்த்தி

நெடுந்தீவுக்கு மாற்றம் கிடைத்தபோது எனக்குக் கடலென்றாலே வயிற்றைக் குமட்டும். முதல் நாள் வள்ளத்தில் வாந்தி எடுத்தபடிதான் வந்து இறங்கினேன். துறையில் நின்ற சனம், "புது மிஸ்ஸி வந்திட்டா, பாவம்" என்று சொல்லிச் சிரித்தது. தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். தலைமுடி நரைக்கத் தொடங்கியும் இங்கேதான் நிற்கிறேன்.

இந்தத் தீவில் நான் அதிகம் பார்த்தது முழங்கால்களைத்தான். கிளினிக் நாளில் நோயாளிகள் இருக்கிற வாங்கு முழுக்க முழங்கால்கள். நல்ல தண்ணீர்க் கிணறு தூரத்தில் இருக்கும், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த பெண்கள். குந்தியிருந்து சமைத்து, குந்தியிருந்து உடுப்புத் தோய்த்து, குந்தியிருந்து மாடு கறந்தவர்கள். மூட்டுத் தேய்ந்துபோனால் அது திரும்ப வளராது. டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மருந்து எழுதுவார். மிச்சம் என் வேலை. நோகிற காலுக்கு எந்தக் கையில் தடி பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்கவே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். எல்லோரும் நோகிற பக்கத்திலேயே பிடிப்பார்கள். "மற்றக் கையிலை, மற்றக் கையிலை" என்று நான் கத்துவது துறைவரைக்கும் கேட்கும் என்று ஆஸ்பத்திரியில் என்னை நக்கலடிப்பார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். நான் இங்கே சொல்லப்போகிற அக்காவும் எனக்குச் சளைத்தவர் இல்லை. அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, கல்வேலிக்குள் ஒரு பழைய வீட்டில் தனியே இருந்தார். ஒருநாள் கிணற்றடியில் விழுந்து எழும்ப ஏலாமல் வெயிலுக்குள் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்தான் கண்டு தூக்கினாள். அதன்பிறகுதான் நான் அவருடைய வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

போன முதல் நாளே குசினியைப் பார்த்துவிட்டு ஏசினேன். நிலத்தில் அடுப்பு, நிலத்தில் திருவலை, எல்லாம் நிலத்தில். அயலில் இருந்த மேசன் ஒருவரைப் பிடித்து அடுப்பை இடுப்பளவுக்கு உயர்த்திக் கட்டுவித்தேன். தேங்காய் துருவும் திருவலையை மேசையில் பூட்டுவித்தேன். கக்கூசில் குந்தாமல் உட்காருவதற்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ராசா வீட்டுக் கதிரையெல்லோ! ஏன் மிஸ்ஸி, கொஞ்சம் பூவும் வைச்சுக் கொண்டந்திருக்கலாமே."

"சிரியுங்கோ, சிரியுங்கோ. குந்தினியள் எண்டு கேள்விப்பட்டன் எண்டா நான் மனிசியாய் இருக்க மாட்டன்" என்றேன்.

மகள் பாரிசில் இருந்தாள். நான் போகிற நேரங்களில் தொலைபேசியில் முகத்தைக் காட்டிக் கதைப்பாள். நல்ல பிள்ளை. ஆனால் கிணற்றடியில் விழுந்த கதை அவளை உலுக்கிவிட்டது. "இனியொருக்கா விழுந்து நடக்க ஏலாமல் போனா, வீட்டைப் பூட்டிப்போட்டு யாழ்ப்பாணத்திலை முதியோர் இல்லத்திலை விட்டிடுவன் அம்மா. எனக்கு இஞ்சை நித்திரை இல்லை" என்று அழுதாள். அக்கா தொலைபேசியை வைத்தபிறகு என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, என்னை எப்பிடியாவது நடக்க வையும். நான் இந்த வீட்டை விட்டு எங்கையும் போக ஏலாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. தீவில் எல்லோருக்கும் தெரியும். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் கொழும்பில் வேலைக்கு நின்ற மகன் ஒருநாள் அறைக்குத் திரும்பவில்லை. இருக்கிறான் என்றும் இல்லை என்றும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த விலாசம் இந்த வீடு ஒன்றுதான். அவன் வருகிற நேரம் வாசல் படலை பூட்டிக் கிடக்கக்கூடாது. அக்காவுக்கு முழங்கால் வேண்டியிருந்தது அதற்காகத்தான்.

சரியென்று இருவரும் வேலையில் இறங்கினோம். துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அமத்துவது, கதிரையில் இருந்து காலை நீட்டிப் பிடிப்பது, கை ஊன்றாமல் எழும்புவது. நான் சொன்னதை ஒன்றும் விடாமல் செய்தார். சோற்றைக் குறைத்தார். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் பிடித்தார். மெல்ல மெல்ல நோ குறைந்தது. பிறகு ஆவணியில் பார்த்தால் முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன. கடல் காற்றுக்கு வீங்கிப்போச்சு என்றார், நம்பினேன். அடுத்த வருடமும் அதே மாதத்தில் அதே வீக்கம். அன்றைக்குச் சீலையை உயர்த்தி நன்றாகப் பார்த்தேன். முட்டித் தோல் கறுத்து, தடித்து, உரஞ்சுப்பட்டுக் கிடந்தது. உரசலுக்குள் இன்னும் மணல் இருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. ஆவணியில்தான் அம்மன் கோயில் தேர். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ஆண்கள் வெறும் மேலோடு வீதியில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் அடியழிப்பார்கள். சில அடி வைப்பது, முழங்காலில் விழுந்து நெற்றியை மணலில் முட்டுவது, எழும்புவது, மறுபடியும் அடி வைப்பது. கோயிலைச் சுற்றி வந்து முடிக்கும்வரைக்கும் இப்படித்தான். நோகாத முழங்காலுக்கே அது கடினம்.

"உங்களுக்கென்ன விசரே? வருசம் முழுக்க நான் தேத்திற காலை ஒருநாளிலை போட்டு உடைக்கிறியளே!"

"அவன் வரும் மட்டும் ஒவ்வொரு தேருக்கும் அடியழிப்பன் எண்டு நேந்தனான், பிள்ளை."

"நடந்தாத்தானே அக்கா வீட்டிலை இருக்கலாம். வீட்டிலை இருந்தாத்தானே அவன் வந்தாக் கதவு திறக்கலாம்."

"அம்மாளாச்சி அவனைக் கொண்டந்தாத்தானே நான் கதவு திறக்கிறது" என்றார்.

கோபத்தில் விறுவிறென்று எழும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குள்ளேயே கத்திக்கொண்டு வந்தேன். ஆனால் அவரைத் திட்ட முடியவில்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூட்டு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று டொக்டரிடம் கேட்டேன். இன்னொரு தேருக்குத் தாங்காது என்றார். பிறகு கோயில் ஐயரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். "ஏலாத காலோடை ஏன் கஷ்டப்படவேணும்? கற்பூரச்சட்டியை ஏந்திக்கொண்டு ஒருதரம் நடந்து சுத்தி வரட்டும். அம்மாள் ஏற்றுக்கொள்ளுவா" என்றார். இதை அக்காவிடம் வந்து சொன்னேன். அவர் சீலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

"வேணுமெண்டா உங்களுக்காக நான் அடியழிக்கிறன்" என்று வாய்விட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, என் முழங்காலும் அப்போதே படியேறும்போது கடகடவென்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது.

அக்கா சிரித்தார். "நேந்தது என்ரை வாய். பெத்தது என்ரை வயிறு. அதுக்கு உம்மடை முழங்கால் என்னத்துக்கு?" பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "ஓம், ஓம். கற்பூரச்சட்டிதான் எடுக்கிறன்" என்றார்.

அந்த வருடம் அவர் பயிற்சி செய்த மாதிரி நான் ஒருவரிலும் கண்டதில்லை. கதிரையிலிருந்து எழும்புவதை நான் நிற்பாட்டச் சொல்லும்வரைக்கும் செய்வார். கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக் காலைத் தூக்குவார். சந்தைக்குத் தானே நடந்துபோய் மீன் வாங்கி வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற நோயாளிகளிடம் அவரைக் காட்டி, "அக்காவைப் பார்த்துப் படியுங்கோ" என்று சொல்லித் திரிந்தேன். பாரிசிலிருந்து மகள் எனக்கு நன்றி சொல்லி அழுதாள்.

தேரன்று கோயில் வீதியில் முதலுதவிக் கொட்டிலில் எனக்கு வேலை. வெயிலில் மயங்கி விழுகிறவர்களுக்குத் தண்ணீர் தெளித்து, உப்பும் சீனியும் கலந்த கரைசல் கொடுத்து எழுப்புவது. கூட்டத்துக்குள் அக்கா கற்பூரச்சட்டி ஏந்தி வருவதைக் கண்டேன். தலை நிமிர்ந்து, நேராக, நொண்டாமல் நடந்து வந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. கண் கலங்கிப்போனேன்.

தெற்கு வீதிக்குத் திரும்புகிற இடத்தில் சட்டியைப் பக்கத்தில் வந்த பெண்ணிடம் கொடுத்தார். சீலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினார். முழங்காலில் விழுந்தார்.

வருடம் முழுக்க எதற்காகக் கதிரையிலிருந்து எழும்பிப் பழகினார் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. கொட்டிலை விட்டு ஓடினேன். "அக்கா, வேண்டாம், எழும்புங்கோ" என்று தோளைப் பிடித்தேன். முகமெல்லாம் மணலோடு என்னைப் பார்த்தார்.

"தடுக்காதேயும் பிள்ளை. நான் விட்டு, அவனுக்கு ஏதும் நடந்திட்டா?"

என்ன சொல்வது? நடந்திருக்கக்கூடியது எப்போதோ நடந்து முடிந்திருக்கும் என்றா? அந்த வாய் எனக்கு இல்லை. அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்து, முழங்காலில் பாரம் விழாமல் தூக்கி நிறுத்தினேன். சில அடி வைத்தார். விழுந்தார். மறுபடியும் தூக்கினேன். வெள்ளைச் சீருடையோடு மணலில் நானும் கூடவே குனிந்து குனிந்து எழும்பினேன். சனம் வழிவிட்டது. மேற்கு வீதிக்கு வந்தபோது அவருடைய இடது முழங்காலுக்குள் ஏதோ சறுக்கியது என் கைக்கே தெரிந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, மகனுடைய பெயரை மட்டும் சொல்லிச் சொல்லி முடித்தார். கொடிமரத்தின் முன்னால் கடைசியாக விழுந்தவர் பிறகு எழும்பவில்லை. எழும்ப ஏலவில்லை.

மறுநாள் வள்ளத்தில் தள்ளுகட்டிலோடு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். வள்ளம் அலையில் தூக்கிப் போடும்போதெல்லாம் நான் அவருடைய காலை என் மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஏன் மிஸ்ஸி, இண்டைக்குச் சத்தி வரேல்லையோ?" என்று நான் முதல் நாள் வாந்தி எடுத்ததை வைத்துக் கேட்டார், அந்த நோவிலும். ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். மகள் பாரிசிலிருந்து ஓடி வந்தாள். தாயின் காலைப் பார்த்தாள், வீட்டைப் போய்ப் பார்த்தாள், சொன்னபடியே செய்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படலைக்குப் பூட்டுப் போடும்போது அவளும் அழுதுகொண்டுதான் போட்டாள்.

லீவில் யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் அந்த இல்லத்துக்குப் போவேன். போன மாதமும் போனேன். சுத்தமான இடம். அக்கா யன்னலோரம் கட்டிலில் இருந்தார். காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் வற்றியிருந்தது. அங்கே வருகிற பயிற்சிக்காரப் பெண், நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இவர் நடக்கலாம், ஆனால் நடக்கமாட்டன் என்கிறார் என்று முறைப்பட்டாள். எனக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"எழும்புங்கோ அக்கா. வாங்கோ, நடப்பம்."

"எங்கை?" என்று கேட்டார்.

நான் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அவருடைய முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன். வள்ளத்துக்கு நேரமாகிறது என்று எழும்பியபோது கையைப் பிடித்தார்.

"வீட்டடியாலை ஒருக்காப் போம் பிள்ளை. படலையிலை நிண்டு அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரும். பூட்டைக் கண்டுபோட்டு வளவுக்குள்ளை எங்கையும் குந்தியிருப்பான். நல்லாச் சத்தம் போட்டுக் கூப்பிடும். சின்னனிலையே அவன் ஒருதரம் கூப்பிட்டா வரமாட்டான்."

துறையில் இறங்கி நேரே அங்கே போனேன். கல்வேலிக்கு மேலால் பார்த்தேன். முற்றத்தில் புல் முழங்காலளவுக்கு வளர்ந்திருந்தது. பக்கத்து வளவில் மாடு கட்டிக்கொண்டிருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. படலையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு தரமும் கூப்பிட்டேன்.