ஓரடி தள்ளி அடித்த ஆப்புகள்

பிள்ளையள், உங்கட அப்பா முப்பத்தொரு வருசம் கட்டட வேலையில் நின்றவர். பாலம், வாய்க்கால், பள்ளிக்கூடம், மதில் என்று எவ்வளவோ செய்தாச்சு. நீங்கள் கேட்கிறது மட்டும் எப்பவும் மைதானத்தைப் பற்றித்தான். "அப்பா, அதில எது நீங்கள் கட்டினது?" என்று கேட்பீங்கள். நான் பவிலியன் படியைக் காட்டிவிட்டுக் கதையை மாற்றிவிடுவேன். மிச்சத்தை இப்ப எழுதுகிறேன். படிப்பு எனக்கு ஓ.எல். சோதனை வரைக்கும்தான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

1. ஆள் வந்த நாள்

நசீர் எங்கட சைட்டுக்கு வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். கிண்ணியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர். முதுகில் மஞ்சள் பெட்டி ஒன்று, தோளில் முக்காலி. பெட்டிக்குள் ரோட்டல் ஸ்டேஷன் இருந்தது. தூரத்தையும் கோணத்தையும் ஒரேயடியாய்ச் சொல்லுகிற அளவுக் கருவி அது. நான் அதுவரைக்கும் டேப், நூல், லெவல் கருவி மூன்றையும் வைத்தே வேலை பார்த்தவன்.

"அண்ணன், நான் நசீர். உங்களோட சேர்ந்து வேலை செய்யச் சொன்னாங்க."

என்னைவிட ஏழு வயது குறைவு. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஆள். சேர்ட்டில் ஒரு சீமெந்துப் பொட்டுக்கூட இல்லை. எனக்கு அன்றைக்கே ஆளைப் பிடிக்கவில்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும்.

2. மைதானம் ஏன் அப்படிக் கிடக்கிறது

அந்த வெளி வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைக்காரர் அணிவகுத்த இடம் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். பிறகு பந்து விளையாடினார்கள். ஒரு பக்கம் ஆட்கள் இருந்து பார்க்கிற பலகைக் கலரி ஒன்று இருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருசம் அந்த வெளியிலேதான் கூடாரம் அடித்துச் சனம் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கேக்க நானூறு மீற்றர் ஓடினதும் அங்கேதான். சுண்ணாம்புக் கோடு போட்ட புல்லுத் தரையில் இரண்டாவதாய் வந்தனான். முதலாவதாய் வந்தவனுடைய முதுகு இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

புது மைதானத்தின் பிளான் வந்தபோது எல்லாம் யோசித்துச் செய்திருந்தார்கள். மைதானம் வடக்குத் தெற்காய் நீளும். கிழக்கு மேற்காய் நீட்டினால் பின்னேரம் ஒரு பக்கத்து ஆட்டக்காரனுக்குக் கண்ணுக்கு நேரே வெயில். பவிலியன் மேற்குப் பக்கம். பின்னேர வெயில் பார்க்கிற ஆட்களின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மைதானத்தின் நடு கொஞ்சம் உயரமாயும் கரைகள் பதிவாயும் இருக்கும். மாரி மழை அடித்தால் தண்ணீர் நாலு பக்கமும் ஓடி வாய்க்காலில் விழ வேணும்.

பவிலியனுக்குப் பதினாலு படி. அந்த வேலையை இஞ்சினியர் மிஸ் என்னிடம் தந்தவ. எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை. மேலே போகப் போக ஒவ்வொரு படியும் கொஞ்சம் கூடுதலாய் உயரும். இல்லாவிட்டால் முன்னால் இருக்கிறவரின் தலை மறைக்கும். நான் கணக்கை மட்டும் நம்பவில்லை. சல்லி என்ற ஊரில் இருந்து வருகிற மேசன் மணியண்ணையைத் தொப்பியோடு ஒவ்வொரு படியிலும் இருத்தி, அதற்குப் பின்படியில் நான் இருந்து ஓடுபாதை வரப்போகிற இடம் தெரியுதா என்று பார்த்தேன்.

"தம்பி, உனக்குப் பாதை தெரியுதோ இல்லையோ, எனக்கு இருந்தெழும்பி முழங்கால் கழண்டுபோச்சு," என்றார் அவர்.

மிஸ் வந்து மேல்படியில் இருந்து பார்த்தா. "சிவம், நல்ல வேலை. ஒரு தலையும் மறைக்கேல்லை," என்றா. எனக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. அடுத்தது ஓடுபாதை. அதுவும் எனக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓடுபாதையை நசீர் செய்யட்டும்," என்றா அதே வாயால்.

3. மூன்று பின்னேரம்

அன்றிலிருந்து நசீர் செய்கிற எல்லாம் எனக்குக் குற்றமாய்த் தெரிந்தது. அவர் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் போல. மிஸ் அவரோடு பிளானைப் பார்த்துக் கதைத்தால் என்னைப் பற்றிக் கதைக்கிறா போல. பிளான் அவரிடம் இருந்தது. "அண்ணன், பாக்கிறீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டவர். "எனக்கென்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அவர் உள்விளிம்புக்கு ஆப்பு அடித்தார். ஓடுபாதைக்கு உள்ளே சுற்றிவர ஒரு சின்னக் கொங்கிறீற்றுக் கட்டு வரும். அது எங்கே வருமோ அங்கேதான் பாதை தொடங்கும். அதற்கான ஆப்புகள் அவை. வெளியால் திரிகிற மான்கள் புல்லுக்கு உள்ளே வந்து நூலை அறுக்கும் என்று ஒவ்வொரு நூலிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அதுகூட எனக்கு எரிச்சல். மான் பிரச்சினை எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு கிழமை மிஸ் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போனா. நசீர் மூதூரில் தங்கச்சியின் கலியாணத்துக்கு நாலு நாள் லீவு எடுத்தார். சைட் என் பொறுப்பில். லீவின் இரண்டாம் நாள் காலையில் தெற்கு வளைவுக்குக் கொங்கிறீற்று போடுவதாய் ஒழுங்கு. அவர் கலியாணத்துக்குப் புறப்படுகிறதுக்கு முந்தின பின்னேரமே, ஆட்கள் போன பிறகு, நான் ஐம்பது மீற்றர் டேப்பை எடுத்தேன். மற்ற முனையைப் பிடிக்க ஆளில்லை. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தரையில் ஒரு ஆணி அடித்து டேப்பின் வளையத்தை அதில் கொளுவிவிட்டு, ஆப்பு ஆப்பாய் ஊர்ந்து போய் அளந்தேன். அந்தப் பின்னேரமும் அடுத்த பின்னேரமும் அளந்தேன்.

சுற்றிவர வந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு மீற்றரும் பன்னிரண்டு சென்ரிமீற்றரும்.

நானூறு வரவில்லை! பிள்ளையள், உண்மையைச் சொல்லுறன், எனக்கு வந்த சந்தோசம் நீங்கள் பிறந்தபோது வந்த மாதிரி. கல்லூரிக்காரன் கிட்டத்தட்ட இரண்டு மீற்றரைத் தின்றுவிட்டான்!

எட்டாம் வகுப்பு வட்டக் கணக்கு நினைவிருந்தது. குறைகிற நீளத்தை ஆறே கால் சொச்சத்தால் வகுத்தால் வளைவை எவ்வளவு வெளியே தள்ள வேணும் என்று வரும். போனில் தட்டிப் பார்த்தேன். முப்பது சென்ரிமீற்றர், சரியாக ஓரடி. விடை இவ்வளவு வடிவாய் வந்தால் பிழையாய் இருக்க ஏலாது என்று நினைத்தேன்.

அந்தப் போனில்தான் நசீரின் நம்பரும் இருந்தது. ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் அவர் தன் பிழையைத் தானே திருத்திவிடுவார். எனக்கு என்ன மிச்சம்? நான் திருத்தினேன் என்று மிஸ்ஸுக்குச் சொல்ல வேணும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது பின்னேரமே தெற்கு வளைவின் ஐம்பத்தெட்டு ஆப்பையும் பிடுங்கி ஓரடி வெளியே அடித்தேன். பழைய ஓட்டைகளைக் காலால் மூடினேன். காலையில் மணியண்ணையின் ஆட்கள் ஆப்பைப் பார்த்துப் பலகை அடித்துக் கொங்கிறீற்றை ஊற்றினார்கள்.

வடக்கு வளைவையும் இரண்டு நேர்ப்பக்க ஆப்புகளையும் மிஸ் வந்த பிறகு, அவவுக்கு முன்னாலேயே தள்ளிக் காட்டுவோம் என்று இருந்தேன். மூன்றாவது பின்னேரம் திரும்பவும் போய், இறுகத் தொடங்கின கட்டின் ஓரமாய் நடந்து பார்த்தேன். வளைவு ஒழுங்காய், வடிவாய் இருந்தது.

4. "மான் தட்டியிருக்கும்"

லீவு முடிந்து வந்த நசீர் சேர்ட்டைக்கூட மாற்றவில்லை. வளைவின் நடுக்கம்பத்தில் கருவியை வைத்தார். பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார். மூன்றாம் தரம் பார்த்துவிட்டு மணியண்ணையைக் கூப்பிட்டார்.

"மணியண்ணன், நடுவில இருந்து இது முப்பத்தாறு மீற்றர் ஐம்பதில வரோணும். முப்பத்தாறு எண்பது காட்டுது. ஆரு ஆப்பை மாத்தின?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஆப்பு இருந்த இடத்தில பலகை அடிச்சனான். மான் தட்டியிருக்கும்."

"மான் எண்டா ஒண்டு ரெண்டைத் தட்டும். ஐம்பத்தெட்டு ஆப்பையும் ஒரே அளவாத் தள்ளி வைக்கிற மானை நான் இன்னும் காணல்ல. கண்டா அதுக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நசீரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்று மத்தியானம் மிஸ் வந்து இறங்கினா. வந்த கையோடு பிளானோடு ஒப்பிட்டுக் கட்டைப் பார்த்தா. மாரிக்கு முன்னம் பாதையின் அடித்தளம் முடிய வேணும் என்று கொழும்பில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவ. முகம் கறுத்துப் போச்சு.

"நசீர், ஆப்பு உங்கட. பிளான் உங்கட கையில. என்ன சொல்லப் போறீங்கள்?"

"மிஸ், நான் சரியாத்தான் வச்ச. ஆரோ மாத்தியிருக்காங்க."

"ஆர் மாத்துறது? சிவம், நீங்கள்தானே நிண்டனீங்கள். ஏதும் கண்டனீங்களா?"

என் வாயில் பதில் ஆயத்தமாய் இருந்தது. நசீரின் அளவு குறைவு, நான்தான் திருத்தினேன் என்று சொல்லத்தான் நாலு நாளாய்க் காத்திருந்தேன். ஆனால் மிஸ்ஸும் நசீரும் முப்பத்தாறு ஐம்பதுதான் சரி என்று கதைக்கிறார்கள். எங்கேயோ நான் பிழை விட்டுவிட்டேன் என்று அந்த நேரம்தான் விளங்கியது.

"இல்லை மிஸ். நான் ஒண்டும் காணேல்லை."

மிஸ் திரும்பவும் கட்டைப் பார்த்தா. பிறகு நசீரின் கையில் இருந்த பிளான் சுருளை வாங்கினா. "நசீர், நாளையில இருந்து நீங்கள் தோப்பூர் வாய்க்கால் வேலைக்குப் போங்கோ. பாதையைச் சிவம் பார்க்கட்டும்," என்று சொல்லிச் சுருளை என்னிடம் நீட்டினா.

நான் வாங்கினேன்.

5. பதினாலாம் படி

சுருளை எடுத்துக்கொண்டு பவிலியன் மேல்படிக்குப் போய் விரித்தேன். அதுதான் நான் அந்தப் பிளானை முதல் தரம் பார்த்தது. உள்விளிம்புக் கட்டுக்குப் பக்கத்தில், அதற்கு வெளியே, சுற்றிவர ஒரு புள்ளிக்கோடு போனது. இரண்டுக்கும் இடையில் முப்பது சென்ரிமீற்றர் என்று குறித்திருந்தது. நானூறு என்ற எண் எழுதியிருந்தது கட்டின் மேல் இல்லை. அந்தப் புள்ளிக்கோட்டின் மேல்தான்.

ஓடுகிறவன் கட்டில் முட்டிக்கொண்டு ஓடமாட்டான். ஓரடி தள்ளித்தான் அவன் கால் விழும். அவன் கால் போகிற வழியில்தான் நானூறு வர வேணும். கட்டில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டும் பன்னிரண்டும் வந்தால்தான் சரி. நசீர் ஒரு சென்ரிமீற்றர்கூடப் பிழை விடவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கீழே நசீர் முக்காலியை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை ஒரு தரம் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினார். பிறகு இரண்டு கையையும் ஸீற்றில் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். எல்லாம் தெளிவாய்த் தெரிந்தது. நான் கட்டின படியல்லவா. ஒரு தலையும் மறைக்கவில்லை.

பதினாலு படியும் இறங்கினேன். மிஸ் மணியண்ணையோடு நின்றா. மற்ற ஆட்களும் நின்றார்கள். தனியக் கூப்பிட்டுச் சொல்லத்தான் மனம் இழுத்தது. ஆனால் நசீரைத் தனியக் கூப்பிட்டுக் குற்றம் சொல்லவில்லைத்தானே.

"மிஸ், ஆப்பை மாத்தினது நான்."

மணியண்ணை வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுகிறதை நிறுத்திவிட்டார்.

"என்ன சிவம் சொல்லுறீங்கள்?"

"அளந்து பார்த்தனான். ரெண்டு மீற்றர் குறையுது எண்டு நினைச்சனான். பிளானைப் பார்க்கேல்லை."

"ஏன் நசீருக்கு ஒரு கோல் எடுக்கேல்லை?"

"எரிச்சல், மிஸ்." சுருளை நீட்டினேன்.

மிஸ் என் கையில் இருந்து சுருளை எடுத்தா. "தோப்பூர் இல்லை, நசீர். நீங்கள் நில்லுங்கோ," என்றா. பிறகு என்னைப் பார்த்து, "வளைவை உடைக்கிறது நீங்கள். வேற ஆள் தொடக் கூடாது," என்றா.

நசீர் மோட்டார் சைக்கிளை விட்டுக் கிட்ட வந்தார். "நீங்க இந்த வெளியில ஓடின ஆள்தானே, அண்ணன். கட்டுக்கு மேலயா காலை வச்சு ஓடின?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. டேப்பின் மற்ற முனை

ஐந்து நாள் சம்மட்டியால் உடைத்தேன். கச்சான் என்கிற வறண்ட காற்று சீமெந்துத் தூளை அள்ளி முகத்தில் அடித்தது. மான்கள் தூரத்தில் நின்று பார்த்தன. "உங்களில பழி போட்டனாங்கள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று மணியண்ணை அவற்றுக்குக் கேட்கச் சத்தமாய்ச் சொல்லுவார். நசீர் அந்த ஐந்து நாளும் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

ஆறாம் நாள் புது ஆப்புகளை டேப்பாலும் ஒருக்கால் சரிபார்க்கச் சொன்னா மிஸ். நான் பழக்கத்தில் ஆணியை அடித்து வளையத்தைக் கொளுவினேன். நசீர் வந்து குனிந்து வளையத்தைக் கழற்றினார்.

"ஆணி இழுபடும் அண்ணன். நீங்க போங்க, நான் பிடிக்கிறன்."

நான் மற்ற முனையோடு நடந்தேன். கட்டில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டும் பன்னிரண்டும். புள்ளிக்கோட்டில் நானூறு.

திறப்பு விழாவில் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் பாதை நல்லாய் இருக்கிறதென்று நசீரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற எனக்கு அன்றைக்கும் வயிறு எரிந்தது. அது இல்லாமல் போய்விட்டதென்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அவர் பெரிய வேலை ஒன்று எடுத்தார் என்று கேள்விப்பட்டால் கொஞ்சம் எரியும். ஆனால் இப்ப உடனே போனை எடுத்து அவரோடு கதைத்துவிடுவேன்.

நீங்களும் ஒருநாள் ஏதோ ஒரு வேலைக்குப் போவீங்கள். பக்கத்து ஆளின் பிழையைக் கண்டு உங்களுக்குச் சந்தோசம் வந்தால், கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆளைக் கூப்பிட்டு வைத்துத் திரும்ப அளந்து பாருங்கோ.

அடுத்த முறை மைதானத்துக்குப் போகேக்க தெற்கு வளைவின் உள்கட்டைப் பாருங்கோ. மற்ற இடத்தைவிட அங்கே சீமெந்து கொஞ்சம் கறுப்பு. பிறகு போட்டபடியால் நிறம் சேரவில்லை. அப்பா கட்டினது எது என்று ஆரும் கேட்டால் படியை மட்டும் காட்டாதீங்கோ. அதையும் காட்டுங்கோ.